பெங்களூருவில் இருந்துகொண்டு மதுரையில் பூட்டிய வீட்டைப் பழைய போனால் காக்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பெற்றோர் மதுரை விளாங்குடியில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் வசிக்கிறார்கள். நீங்கள் பெங்களூருவில் வேலை பார்க்கிறீர்கள். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது இரண்டு இரவுகள் வீடு பூட்டிக் கிடக்கும். இரண்டு பழைய ஆண்ட்ராய்டு போன்களும் ஒரு பழைய லேப்டாப்பும் வீட்டில் வைஃபையும் இருக்கின்றன. ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. போன்களில் ஒன்றை வாசலைப் பார்த்து வைத்துக் கேமராவாக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி போனைப் பற்றியதாக இருந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது இரண்டு என்று எனக்குப் படுகிறது: ஆளில்லாத வீட்டுக்குள் ஒருவர் நுழைவதை எப்படிக் கடினமாக்குவது, அதையும் மீறி நுழைந்தால், நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உங்களுக்கு அது எவ்வளவு விரைவாகத் தெரியும், தெரிந்தபின் யார் போய்ப் பார்ப்பது.

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கேமரா விற்றுப் பிழைப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்: கேமரா யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை, நடந்ததைப் பார்க்க மட்டுமே செய்கிறது. தடுப்பது கதவும் பூட்டும் பக்கத்து வீட்டாரும்தான். ஆகவே உங்கள் ஆயிரம் ரூபாயில் பெரும்பகுதியைக் கதவுக்குச் செலவிடுங்கள். போனுக்குப் பெரிய செலவு வேண்டாம். அந்தப் போனையும் பதிவு செய்யும் கருவியாகக் கருதாமல், அருகில் உள்ள ஒருவரை உடனே எழுப்பும் மணியாகக் கருதினால்தான் அதனால் பயன் உண்டு.

முதலில் கதவைப் பார்ப்போம். நம் ஊர் வீடுகளில் வாசலில் கிரில் கேட், அதில் கொண்டி போட்டு ஒரு தொங்கு பூட்டு, உள்ளே மரக்கதவு என்பதே வழக்கமான அமைப்பு. வெளியே தொங்கும் பூட்டு இரண்டு தீங்குகளைச் செய்கிறது. உள்ளே யாரும் இல்லை என்பதைத் தெருவில் போகிறவருக்குத் தெரிவிக்கிறது; கம்பியை விட்டு நெம்புவதற்கு ஏற்ற இடத்தையும் அதுவே தருகிறது. பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை, கொண்டிதான் பெயர்ந்து வருகிறது. பெரிய பூட்டாக வாங்கி, அதன் கொண்டியை அரை அங்குலத் திருகாணிகளால் மரச்சட்டத்தில் பிடித்து வைத்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் திருகாணிகளை எடுத்துவிட்டு, மரத்தின் மறுபக்கம் வரை ஊடுருவி உட்பக்கம் நட்டு போட்டு முறுக்கும் போல்ட்டுகளை மாட்டச் சொல்லுங்கள். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. வாடகை வீடு என்பதால் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தன் கதவு உறுதியாவதை அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். பின்கதவு இருந்தால், முதலில் கிரில் கேட்டின் பூட்டை உட்புறமாகத் திரும்பி இருக்கும்படி பூட்டிவிட்டு, முன்வாசல் மரக்கதவையும் உள்ளிருந்து தாழிட்டுவிட்டு, பின்வழியே வெளியேறுவது நல்லது. பின்கதவுக்கு உட்பொருத்தும் பூட்டு இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மாடிப்படி வெளியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விளாங்குடி, ஆனையூர் பக்கமெல்லாம் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு மொட்டை மாடியிலிருந்து அடுத்த மாடிக்குக் கால் வைத்தே போய்விடலாம். முன்கதவு தேக்காக இருக்கும். மாடியின் கதவோ தகரமாகவோ மழையில் ஊறிய பிளைவுட்டாகவோ இருக்கும். மேல் வீட்டுக்காரர் வழியாகவோ பொதுப் படிக்கட்டு வழியாகவோ உங்கள் தளத்துக்கு இறங்க ஒரு வழி இருக்குமானால், அந்தக் கதவே உங்கள் வீட்டின் உண்மையான வாசல். கொல்லைப்புறத்தில் ஏணி கிடந்தால் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், அல்லது வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலும் மீட்டர் பெட்டியின் மேலும் செருப்பு அலமாரியிலும் வைக்கும் பழக்கத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும். தேடுகிறவர் முதலில் கை வைப்பது அந்த மூன்று இடங்களில்தான்.

இனி போன். வாசலைப் பார்த்து வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்க வேண்டாம் என்பது என் பதில். தெருவைப் பார்க்கும் போன் நாய் ஓடினாலும், பைக்கின் முகப்பு விளக்கு சுவரில் பட்டாலும், முருங்கைக் கிளை ஆடினாலும் உங்களுக்குச் செய்தி அனுப்பும். இரண்டாம் நாளே அந்தச் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள்; உண்மையான எச்சரிக்கை வரும்போது அது உங்களை எட்டாது. அதோடு வெயில், மழை, போனே களவு போகும் வாய்ப்பு, எதிர்வீட்டாரின் வாசல் படத்தில் விழும் சங்கடம் எல்லாம் சேரும். மாறாக, போனை வீட்டுக்குள் வைத்து, எந்த அறைக்குப் போவதானாலும் கடந்தே ஆக வேண்டிய இடத்தை, பெரும்பாலும் நடுக்கூடத்தை, அது பார்க்கும்படி செய்யுங்கள். பூட்டிய வீட்டுக்குள் அசைவு என்றால் அதற்கு விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். பல்லியோ பூனையோ விதிவிலக்காக இருக்கலாம்; படத்தைப் பார்த்தவுடன் அது தெரிந்துவிடும்.

ஆனால் உள்ளே வைத்த போன் இருட்டில் எதையும் பார்க்காது. கண்காணிப்புக்கென்றே செய்த கேமராக்களில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். போனில் அது கிடையாது. சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது, அமாவாசைக்கு முந்தைய நிலவில்லாத இரவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். கூடத்தில் ஒரு சிறிய எல்இடி விளக்கு எரிந்தே ஆக வேண்டும். 9 வாட் விளக்கு இரவு முழுதும் பத்து மணி நேரம் எரிந்தாலும் 0.09 யூனிட்தான் ஆகும். அதைப் பகலிலும் எரியவிட்டுப் போகாதீர்கள்; நண்பகலில் எரியும் விளக்கு, வெளியே தொங்கும் பூட்டைப் போலவே ஆளில்லை என்று அறிவிக்கும். மாலையில் எரிந்து காலையில் அணையும் டைமர் பிளக், டவுன்ஹால் ரோடு பக்கத்துக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயிரத்தில் கதவுக்குப் போக மீதியை இதற்குச் செலவிடலாம்.

போனை வைக்கும் உயரம் முக்கியம். கடைக்காரர்கள் கேமராவைக் கூரையை ஒட்டி மாட்டுவதைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்கிறார்கள். அங்கிருந்து தலையின் உச்சிதான் தெரியும், முகம் தெரியாது. ஐந்து முதல் ஆறு அடி உயரத்தில், அலமாரியின் புத்தகங்களுக்கோ பாத்திரங்களுக்கோ இடையில், லென்ஸ் மட்டும் வெளித் தெரியும்படி வையுங்கள். சன்னலுக்கு எதிராக வைத்தால் பகலில் ஆள் வெறும் நிழலாகத்தான் விழுவார். சன்னல் போனின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

செயலியைப் பொறுத்தவரை, அல்ஃப்ரெட் கேமரா போன்றவை பழைய போனைக் கேமராவாகவும் உங்கள் போனைப் பார்வைத் திரையாகவும் மாற்றி, அசைவு தெரிந்தால் செய்தியும் சிறு காட்சியும் அனுப்புகின்றன. உங்கள் தேவைக்கு இலவச வடிவமே போதும். தொடர்ந்து நேரலை பார்ப்பதற்கும் அசைவின்போது மட்டும் காட்சி அனுப்புவதற்கும் தரவுச் செலவில் பெரிய வேறுபாடு உண்டு. நொடிக்கு 1 மெகாபிட் என்ற சுமாரான தரத்தில் கணக்கிட்டாலே, நேரலை ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பியும் ஒரு நாளுக்கு 10 ஜிபிக்கு மேலும் இழுக்கும். அசைவின்போது மட்டும் அனுப்பினால், ஆளில்லாத வீட்டில் சில எம்பிகளோடு முடிந்துவிடும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், வைஃபையை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் மின்மீட்டரும் மெயின் சுவிட்சும் பெரும்பாலும் வெளித் திண்ணையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ இருக்கின்றன. அதை ஒருவர் கீழே இறக்கிவிட்டால் ரவுட்டர் அணைந்துவிடும். தனி பேட்டரி இல்லாத கேமராக்கள், விலை உயர்ந்தவையானாலும், அந்த நொடியில் குருடாகும். பழைய போனுக்கோ தனக்கென்று பேட்டரியும் சிம் போடும் இடமும் இருக்கின்றன. உங்களிடம் இருக்கும் எளிய கருவி மேலான ஒரே இடம் இது, அதை வீணாக்காதீர்கள். இரண்டு போன்களில் ஒன்றில் குறைந்தபட்ச டேட்டாவுடன் ஒரு சிம் போட்டு வைத்தால், வைஃபை போனதும் அது தானாக மொபைல் இணைப்புக்கு மாறிக்கொள்ளும். கேமரா இணைப்பு அறுந்தது என்ற செய்தி வந்தால் அதையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மின்வாரியம் தெரு முழுதும் மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம்; பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும்.

பேட்டரியைப் பற்றி வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் தவறினால் திருட்டைவிடப் பெரிய இழப்பு வரும். லித்தியம் அயான் பேட்டரிக்கு வெப்பமும், எந்நேரமும் முழு சார்ஜில் நிற்பதும் ஆகாதவை. பெரும்பாலான போன்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. மாசியில் இது பெரிய சிக்கலில்லை. இதே ஏற்பாட்டைச் சித்திரை வைகாசியில், மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், சன்னல் சாத்திய மேற்குப் பார்த்த அறையில் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். பின்மூடி சற்றே தூக்கியிருந்தாலோ திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அந்தப் போனை எந்த வேலைக்கும் பயன்படுத்தாதீர்கள், குத்தவோ அழுத்தவோ செய்யாமல் மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் போனானாலும் உறையைக் கழற்றி, சுற்றிலும் துணி, திரைச்சீலை, காகிதம் இல்லாமல் ஒரு தரை ஓட்டுத் துண்டின் மேலோ எவர்சில்வர் தட்டிலோ சாய்த்து வையுங்கள். சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

போனைத் தயார் செய்யும்போது, அதில் உள்ள அனைத்தையும் அழித்துப் புதிதாக்கி, வேறொரு கூகுள் கணக்கில் திறந்து, வங்கிச் செயலி எதுவும் இல்லாமல் வையுங்கள். பழைய போன்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றிருக்கும். உங்கள் பணம் தொடர்பான எதுவும் அதில் இருப்பது சரியன்று. கேமரா கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், இல்லையென்றால் வீட்டுக்குள் நீங்களே ஒரு அந்நியக் கண்ணை வைத்தது போலாகும். ரவுட்டரில் வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். பெற்றோர் ஊர் திரும்பியவுடன் கூடத்துக் கேமராவை நிறுத்திவிட வேண்டும். அவர்கள் வீட்டில் நடமாடுவதை மகனே ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று: சில போன்கள் பேட்டரியைச் சேமிக்கும் பொருட்டுப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இரண்டு இரவுகள் ஓடவிட்டு, காலையில் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பை விட்டுவிடுங்கள். போனைவிடப் பல மடங்கு மின்சாரம் எடுக்கும், சூடாகும், பேட்டரி இருந்தாலும் சில மணி நேரம் தாங்கினாலே பெரிது. இரண்டாவது போனைப் பின்கதவையோ மாடிக் கதவையோ உள்ளிருந்து பார்க்கும்படி வைக்கலாம். பெற்றோர் வீட்டில் இருக்கும் நாள்களில் அதையே வாசல் சன்னலோரம் வைத்தால், கதவைத் திறக்காமலே வந்தவரைப் பார்த்துப் பேச உங்கள் அம்மாவுக்கு உதவும். நகைக்கு மெருகு போட்டுத் தருகிறேன், கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று பகல் வேளையில் வருகிறவர்களிடம் மூடிய கதவுக்குப் பின்னால் நின்று பேசுவதே பெரும் பாதுகாப்பு.

இப்போது, செய்தி வந்தால் யார் போவது? மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நம் பக்கத்தில் மாசி சிவராத்திரிக்கு ஒரு வீடு மட்டும் பூட்டுவதில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம், கமுதி என்று அவரவர் குலதெய்வத்தைத் தேடித் தெருவில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். வழக்கமாக நீங்கள் நம்பும் பக்கத்து வீட்டு அண்ணனும் அன்று இரவு ஏதோ ஒரு கோயில் வாசலில் பொங்கல் பானைக்கு முன் இருப்பார். ஆகவே அன்று ஊரில் இருப்பது உறுதியான ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இருவராக இருந்தால் இன்னும் நல்லது. கேமராச் செய்தி அவர்கள் போனுக்கும் போகும்படி செய்யுங்கள். அவர்கள் வீட்டுக்குள் நுழையவே கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்தே விளக்கைப் போடுவது, சத்தம் கொடுப்பது, காவல்துறையை அழைப்பது, இந்த மூன்றும் போதும்.

காவல்துறை எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. 112 என்ற எண் நீங்கள் எங்கிருந்து அழைக்கிறீர்களோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். பெங்களூருவிலிருந்து நீங்கள் அழைத்தால் கர்நாடகத்தில் எடுப்பார்கள். அங்கிருந்து மதுரைக்குச் செய்தி வந்து சேரும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். மதுரையில் இருப்பவர் 112 அல்லது 100-ஐ அழைக்கட்டும். நீங்கள் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் நேரடி எண்ணை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்புமுன் பெற்றோர் அந்த நிலையத்துக்குப் போய், எந்தத் தேதிகளில் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தால் இரவு ரோந்தில் வருபவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு ரோந்திலும் வருவார்கள் என்று உறுதி கூற முடியாது. கேட்காமல் இருப்பதைவிடக் கேட்பது மேல்.

செலவே இல்லாத இன்னொரு காரியம் கோலம். காலையில் எல்லா வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்க, ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தால் தெருவுக்கே தெரியும். ஊரில் இருக்கும் அக்கா ஒருவரிடம் இரண்டு நாளும் வாசல் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள். பால் பாக்கெட்டையும் செய்தித்தாளையும் நிறுத்திவிடுங்கள். கோயில் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது திரும்பி வந்த பிறகு இருக்கட்டும். வெற்றுக் கேமராப் பொம்மை மாட்டுவது, வானொலியை ஓடவிட்டுப் போவது ஆகியவற்றைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவை சிலரைத் தயங்க வைக்கலாம். அவற்றை நம்பிக் கதவு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. நகையைப் பொறுத்தவரை எந்தக் கேமராவும் வங்கி லாக்கருக்கு ஈடாகாது. ஆனால் லாக்கரிலும், தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான் என்பது 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கிரில் கேட்டிலோ சன்னல் கம்பியிலோ மின்சாரம் பாய்ச்சி வைக்கும் எண்ணம் சிலருக்கு வருகிறது, என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தோட்டங்களில் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மனிதர்கள் இறந்த செய்தி நம் மாவட்டங்களில் அடிக்கடி வருவதுதான். இறப்பவர் திருடராகவே இருந்தாலும் கம்பியில் மின்சாரம் விட்டவர் சிறைக்குப் போவார். கோலம் போட வந்த அக்காவோ பந்தை எடுக்க வந்த குழந்தையோ அதைத் தொட நேர்வது அதைவிடக் கொடுமை.

கடைசியாக, ஏதேனும் நடந்து காட்சியும் பதிவாகியிருந்தால், அதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடாதீர்கள். வாட்ஸ்அப் காட்சியைச் சுருக்கிவிடும், முகம் மங்கிவிடும். முகச்சாயல் ஒத்த ஒருவர் மீது வீண்பழியும் விழும். செயலியிலிருந்து மூலக் கோப்பை அப்படியே இறக்கி, பெயரைக்கூட மாற்றாமல் ஒரு பென்டிரைவில் வையுங்கள். கேமராவாக இருந்த போனில் உள்ள எதையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சான்றுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது; கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒன்றிலும் நிபுணர் மற்றொன்றிலும் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்பு என்ற குறியையும் குறிக்க வேண்டும். அதை நிரப்புவதற்கு விசாரணை அதிகாரியே வழிகாட்டுவார். சட்டத்தில் இதற்கு மேல் சொல்ல நான் தகுதியானவன் இல்லை, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வீட்டை நேரில் பார்க்காமல் சொல்லக்கூடியது இவ்வளவே. சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் பொருத்தி, பெற்றோரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, இருட்டிய பிறகு அப்பாவை மட்டும் பின்கதவு வழியாக உள்ளே நடக்கச் சொல்லுங்கள். செய்தி பெங்களூருவுக்கு எத்தனை நொடியில் வந்தது, முகம் அடையாளம் தெரிந்ததா, மெயின் சுவிட்சை இறக்கிய பிறகும் வந்ததா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, மாடிக் கதவின் நிலையையும் சேர்த்து எழுதினால், போனை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று என்னால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.